மணிக்கட்டு நரம்பை நெரிக்கிறது ஒரு கிருமியா இருந்தா?

கை மரத்துப் போகுது, ராத்திரி நடுத்தூக்கத்துல முழிச்சு கையை உதறினாதான் கொஞ்சம் தேவலாம், பேனா பிடிச்சா நழுவுதுன்னு ஒருத்தர் போய் சொன்னா டாக்டருக்கு முதல்ல தோணுறது மணிக்கட்டுல நரம்பு நெரிபடற கார்பல் டன்னல் சிண்ட்ரோம்தான், பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, கர்ப்பம், உடம்பு எடை, முடக்குவாதம், பழைய எலும்பு முறிவுன்னு தெரிஞ்ச காரணங்கள் இருக்கு, அது எதுவும் இல்லாம சும்மாவே வர்றவங்கதான் அதுலயும் அதிகம். ராத்திரி பட்டை கட்டிக்கிறது, ஒரு ஸ்டீராய்டு ஊசி, அதுலயும் கேக்கலன்னா சின்னதா ஒரு ஆபரேஷன், இந்தப் பாதை ரொம்ப பேருக்கு நல்லாவே வேலை செய்யுது.

ஆனா ரொம்பக் கொஞ்ச பேருக்கு அந்த நரம்பை நெரிக்கிறது ஒரு கிருமி. டிபி கிருமியா இருக்கலாம், தண்ணியில வாழுற அதோட சொந்தக்காரக் கிருமியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம், வைரஸ் காய்ச்சலோட பின்விளைவா இருக்கலாம். இதுல பெரும்பாலானதுக்கு மருந்து இருக்கு, குணமாக்கவும் முடியும், அப்படியிருந்தும் கண்டுபிடிக்க மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல ஆகுது. காரணம் கிருமி ஒளிஞ்சுக்கிறதுங்கிறதை விட அங்க கிருமி இருக்கான்னு யாரும் கேக்கறதில்லங்கிறதுதான், ஆபரேஷன் பண்ணி எடுத்த சதையைக்கூட கல்ச்சருக்கு, அதாவது லேப்ல கிருமியை வளர்த்துப் பாக்கறதுக்கு, அனுப்பாம விட்டுடறாங்க. இந்தக் கட்டுரை எழுதறதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கணும். மணிக்கட்டுல அடியிலயும் ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன எலும்புங்க, மேல குறுக்கால லிகமெண்ட்னு ஒரு கெட்டியான நார்ப்பட்டை, இதுக்கு நடுவுல இருக்கற குறுகலான வழிதான் கார்பல் டன்னல். அதுக்குள்ள விரலை மடக்கற 9 டெண்டன்கள், அதாவது தசைநாண்கள், போகுது, கூடவே மீடியன் நரம்பும் போகுது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இதுக்கெல்லாம் உணர்ச்சி தர்றது இந்த நரம்புதான், கட்டைவிரல் அடியில இருக்கற சதைமேட்டை இயக்கறதுலயும் பெரும்பங்கு இதுக்குத்தான். சுண்டுவிரலுக்குப் போறது அல்னர் நரம்பு, அது இந்த டன்னலுக்குள்ள வராது, தனி வழியில போகுது, அதனாலதான் சுண்டுவிரல் மட்டும் மரத்தா வேற இடத்தைப் பாக்கணும்னு சொல்றாங்க.

இந்த டன்னல் விரியாது. எலும்பும் விரியாது, மேல இருக்கற லிகமெண்ட்டும் சீக்கிரத்துல விரியாது, அதனால உள்ள ஏதாவது கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தம் ஏறிடும், அந்த அழுத்தத்தை முதல்ல அனுபவிக்கறது இருக்கறதுலயே மென்மையான பொருளான நரம்பு. 1981ல கெல்பர்மேன்ங்கிற டாக்டரோட குழுவினர் டன்னலுக்குள்ளயே மெல்லிசான குழாய் விட்டு அளந்து பாத்தாங்க, சாதாரண கையில சுமார் 2.5 மில்லிமீட்டர் மெர்குரி (ரத்த அழுத்தம் அளக்கற அதே அளவு), இந்தத் தொந்தரவு இருக்கறவங்க கையில சுமார் 32. கிட்டத்தட்ட 30ஐத் தொட்டாலே நரம்புக்குள்ள ஓடற நுண்ணிய ரத்த ஓட்டம் தடைபட ஆரம்பிச்சிடும், முதல்ல மரமரப்பு, அப்புறம் குத்தல், ரொம்ப நாள் விட்டா சதைமேடு வத்திப் போறது.

கிருமி பெரும்பாலும் நரம்பை நேரா தொடறதே இல்ல. டெண்டன்களைச் சுத்தி சைனோவியம்னு ஒரு வழுவழுப்பான உறை இருக்கு, கிருமி அங்க போய் உக்காருது, உறை தடிக்குது, தண்ணி சேருது, டன்னல்ல இடம் போயிடுது. கட்டைவிரலோட உறையும் சுண்டுவிரலோட உறையும் உள்ளங்கை வழியா மணிக்கட்டு தாண்டி முன்கை வரைக்கும் நீளும், நிறைய பேருக்கு இந்த ரெண்டு உறையும் மணிக்கட்டுகிட்ட ஒண்ணோட ஒண்ணு தொடர்புல இருக்கும், அதனால ஒரு விரல் நுனியில குத்தின முள்ளு வழியா போன கிருமி மணிக்கட்டு வரைக்கும் வந்து சேர்றதுக்கு வழி ஏற்கனவே போட்டு வெச்சிருக்கு. தோல் வழியா வர்றது ஒரு பக்கம், உடம்புல வேற எங்கயோ இருந்து ரத்தத்துல வர்றது இன்னொரு பக்கம். தொழுநோய் மட்டும் இந்தக் கணக்குக்குள்ள வராது, அது நரம்புக்குள்ளயே போகும், அதைத் தனியா சொல்றேன்.

வேகமா வர்ற வகையை முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா அதுல குழப்பம் கம்மி. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி சீழ் வைக்கிற கிருமி டெண்டன் உறைக்குள்ள புகுந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே கை வீங்கும், சிவக்கும், காய்ச்சல் வரும், விரல் மடங்கின நிலையில நிக்கும், அதை லேசா நீட்டிவிட்டாலே உயிர் போற வலி. இதோட சேர்ந்து விரல்கள் மரத்துப் போக ஆரம்பிச்சா அது நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடற விஷயம் கிடையாது, அன்னைக்கே திறந்து சீழை வெளியேத்தி அழுத்தத்தை எடுக்கணும், இல்லன்னா டெண்டனும் போகும் நரம்பும் போகும். பாலுறவு மூலமா தொத்தற கொனோரியா கிருமி ரத்தத்துல பரவினாலும் மணிக்கட்டு டெண்டன் உறைகள் வீங்கறது உண்டு, கூடவே தோல்ல சில கொப்புளங்கள், மூட்டு மாத்தி மூட்டு வலி, சின்ன வயசு ஆள். பாலுறவு பத்தி கேக்க டாக்டரும் தயங்கி, சொல்ல நோயாளியும் தயங்கினா இது தவறிப் போயிடும், கேட்டே ஆகணும்.

மெதுவா வர்றதுதான் ஏமாத்தும், அதுல முக்கியமானது டிபி. டிபின்னா நுரையீரல், இருமல், எடை குறையறதுன்னே நம்ம மனசுல பதிஞ்சிருக்கு, ஆனா மணிக்கட்டு டெண்டன் உறையில டிபி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இருமலும் இருக்காது காய்ச்சலும் இருக்காது, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கும், உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர் ரத்த டெஸ்ட் கூட சில பேருக்கு நார்மலா வரும். அதிகமா வேலை செய்யற கையிலதான் இது பெரும்பாலும் வருது. மணிக்கட்டுக்கு மேல ஒரு மெத்துனு வீக்கம், உள்ளங்கையில இன்னொரு வீக்கம், நடுவுல லிகமெண்ட் பட்டை, ஒரு வீக்கத்தை அமுக்கினா தண்ணி அடியில ஓடி இன்னொரு பக்கம் எழும்பும். பழைய சர்ஜரி புத்தகங்கள்ல இதுக்கு காம்பவுண்ட் பாமர் கேங்லியான்னு பேரு. வலி பெருசா இருக்காது, அதனாலயே ஆளுங்க மாசக்கணக்குல விட்டுடறாங்க, விரல் மரத்துப் போக ஆரம்பிச்ச பிறகுதான் டாக்டர்கிட்ட வர்றாங்க.

திறந்து பாத்தா உள்ள வெள்ளை வெள்ளையா அரிசி மணிகள் கொட்டும். மருத்துவத்துலயே அதுக்கு அரிசி மணிகள்னுதான் பேரு, ஒவ்வொண்ணும் சில மில்லிமீட்டர் அளவு, அழற்சியில சைனோவியத்துல இருந்து உதிர்ந்த துணுக்குகள் மேல ஃபைப்ரின்னு ஒரு நார்ப் புரதம் படிஞ்சு படிஞ்சு உருவாகறதுன்னு சொல்றாங்க. ரீஸ்ங்கிற டாக்டர் 1895லயே டிபி மூட்டுகள்ல இதைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு எச்சரிக்கை, அரிசி மணி பாத்தவுடனே டிபின்னு முடிவு கட்டிடக் கூடாது, முடக்குவாதத்துலயும் வரும், தண்ணிக் கிருமிகள்லயும் வரும், பூஞ்சையிலயும் வரும். அது சொல்ற சேதி ஒண்ணுதான், உள்ள ரொம்ப நாளா ஏதோ நடந்துட்டு இருக்கு, என்னன்னு கண்டுபிடி.

இங்கதான் முடக்குவாதத்தோட குழப்பம் வருது, இது ஆபத்தான குழப்பம். மணிக்கட்டு வீக்கம், காலையில இறுக்கம், கை மரப்பு, இது எல்லாம் முடக்குவாதத்துக்கும் பொருந்தும், அப்படி நினைச்சு எதிர்ப்பு சக்தியை அடக்கற மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பிச்சு, கேக்கலன்னு அழற்சியைத் தூண்டற டிஎன்எஃப்ங்கிற புரதத்தைத் தடுக்கற ஊசி வரைக்கும் போயிட்டா டிபிக்கு எதிரா உடம்பு போட்டு வெச்ச வேலியையே நாமளே பிடுங்கிடறோம். அந்த வகை மருந்துகள் உறங்கிக் கிடக்கற டிபியை எழுப்பும்ங்கிறது நல்லா நிரூபணமான விஷயம், அதனாலதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி சோதனை கட்டாயமா பண்றாங்க. ஒரே ஒரு மணிக்கட்டு மட்டும் மாசக்கணக்குல வீங்கியிருந்தா, ரத்தத்துல முடக்குவாதத்துக்கான அடையாளம் எதுவும் இல்லன்னா, அந்த இடத்துல இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாக்காம எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்தை ஆரம்பிக்கக் கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து.

அடுத்தது டிபியோட சொந்தக்காரக் கிருமிகள், மண்ணுலயும் தண்ணியிலயும் வாழறதுங்க. இதுல கைக்கு ரொம்பப் பழக்கமானது மைக்கோபாக்டீரியம் மெரினம். 1926ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு மீன் காட்சியகத்துல செத்த மீன்கள்ல இருந்து ஆரன்சன் இதைக் கண்டுபிடிச்சார், மனுஷங்களுக்கும் இது வரும்னு 1951ல ஸ்வீடன்ல நீச்சல் குளம் போனவங்ககிட்ட தெரிய வந்துச்சு. இப்போ நீச்சல் குளத்துல குளோரின் போடறதால அந்த வழி குறைஞ்சுபோச்சு, மீன் தொட்டி சுத்தம் பண்றவங்க, மீன் வெட்டறவங்க, இறால் நண்டு கொடுக்கு குத்தினவங்க, மீன்பிடி வேலை பாக்கறவங்க, இவங்களுக்குத்தான் வருது. குத்தின காயம் ஆறி மறந்தே போயிருக்கும், பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துல கட்டி தலை காட்டும், ஆனா சில பேருக்கு பல மாசம் கழிச்சுக்கூட வரும். அப்போ யாருக்கு அந்த முள்ளு ஞாபகம் இருக்கும்? அதனால கேள்வியை "காயம் பட்டுச்சா"ன்னு மட்டும் கேட்டா போதாது, "வீட்ல மீன் தொட்டி இருக்கா, மீன் கையாளுற வேலையா"ன்னு நேராவே கேக்கணும்.

இந்தக் கிருமியோட ஒரு குணம் தெரிஞ்சே ஆகணும். இதுக்குப் பிடிச்ச சூடு 30ல இருந்து 32 டிகிரி, உடம்போட உள்சூடான 37ல சரியா வளராது. அதனாலதான் இது கை விரல், மணிக்கட்டுன்னு குளிர்ச்சியான இடத்துலயே தங்குது, அதனாலதான் லேப்லயும் ஏமாத்துது. டிபி கல்ச்சர் எல்லாம் 37 டிகிரில வெச்சுதான் பாப்பாங்க, இதையும் அப்படியே வெச்சா ஆறு வாரம் கழிச்சு ஒண்ணும் வளரலன்னு ரிப்போர்ட் வரும், கிருமி இல்லன்னு நினைச்சு எல்லாரும் நகர்ந்துடுவாங்க. 30 டிகிரிலயும் ஒரு செட் வைங்கன்னு டாக்டர் ஃபார்ம்ல எழுதணும், எழுதலன்னா எல்லா லேப்லயும் தானா செய்யமாட்டாங்க.

ரத்தத்துல பண்ற டிபி சோதனையும் இங்க குழப்பும். இக்ராங்கிற அந்த ரத்த சோதனையில பயன்படுத்தற டிபி புரதங்கள் மெரினம்லயும் அதே குடும்பத்துக் கன்சாசிலயும் உண்டு, அதனால மீன் தொட்டிக் கிருமி வந்தவருக்கும் அது பாசிட்டிவ் வரலாம், தோல் ஊசி சோதனையும் அப்படித்தான். நுண்ணோக்கில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகளா தெரியும். பயாப்சில, அதாவது திசுவை எடுத்துப் பாக்கறதுல, கிரானுலோமான்னு (அழற்சி செல்கள் திரண்ட சின்னக் கட்டி) வந்தாலும் எந்தக் கிருமின்னு அது சொல்லாது. சரி எப்படியும் டிபி குடும்பம்தானே, டிபி மருந்தையே கொடுத்துடலாம்னு போனா அதுலயும் சிக்கல் இருக்கு, மெரினத்துக்கு பைரசினமைடு வேலை செய்யாது, ஐசோனியாசிடும் நம்பறதுக்கில்ல, கிளாரித்ரோமைசின், எத்தாம்பியுட்டால், ரிஃபாம்பிசின் இதுல ரெண்டைச் சேர்த்து மாசக்கணக்குல கொடுக்கணும், வீக்கம் போன பிறகும் ஒண்ணு ரெண்டு மாசம் தொடரணும். பேர் தெரியாம வைத்தியம் பண்ண முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

மெரினம் மட்டும் இல்ல. மைக்கோபாக்டீரியம் கன்சாசி, ஏவியம் குழு, டெர்ரே குழு எல்லாமே மணிக்கட்டு டெண்டன் உறையில வந்திருக்கு, டெர்ரே குழு கை டெண்டன்களுக்குன்னே பேர் வாங்கினது. சீலோனே, அப்செஸ்ஸஸ் ரெண்டும் வேகமா வளரும், ஊசி போட்ட இடம், ஆபரேஷன் காயம்னு உள்ள போகும், இதுங்களுக்கு சாதாரண டிபி மாத்திரை ஒண்ணுமே கேக்காது. பச்சைப் பால் மூலமா வர்ற மைக்கோபாக்டீரியம் போவிஸும் இருக்கு, அதுக்கு பைரசினமைடு இயல்பாவே கேக்காது.

போவிஸ்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். சிறுநீர்ப்பை புத்துநோய்க்கு பிசிஜி மருந்தை சிறுநீர்ப்பைக்குள்ள செலுத்தற ஒரு நல்ல வைத்தியம் இருக்கு, பிசிஜிங்கிறது பலவீனப்படுத்தின உயிருள்ள போவிஸ் கிருமிதான். அபூர்வமா அது ரத்தத்துல கலந்து வேற இடத்துல போய் உக்காரும், மணிக்கட்டுல உக்காந்து கார்பல் டன்னலா வந்தவங்களும் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்காங்க. சிறுநீர்ப்பை வைத்தியம் ஒரு டாக்டர், கை வேற டாக்டர், ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நோயாளிக்கும் தோணாது, அதனால கை டாக்டர்கிட்ட போகும்போது பழைய வைத்தியங்களோட முழு லிஸ்ட்டையும் கொண்டு போறது நல்லது.

இப்போ தொழுநோய். இது அப்படியே வேற கதை, மத்ததெல்லாம் நரம்பை வெளியில இருந்து அமுக்குது, மைக்கோபாக்டீரியம் லெப்ரே நரம்புக்குள்ளயே குடியேறுது. ஹான்சன் 1873ல நார்வேல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார், இன்னைக்கு வரைக்கும் இதை லேப் தட்டுல வளர்க்க முடியல. இதுவும் குளிர்ச்சியான இடம் தேடற கிருமி, அதனால தோலுக்குப் பக்கத்துல போற நரம்புகளைப் பிடிக்கும், கையில முழங்கை கிட்ட அல்னர் நரம்பைப் பிடிக்கறதுதான் அதிகம், மீடியன் நரம்பை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல பிடிக்கும். நரம்பு உள்ளயே வீங்கி டன்னல் வாசல்ல இறுகிக்கும், பாக்க அச்சு அசல் கார்பல் டன்னல் மாதிரியே இருக்கும், நரம்புல மின் சமிக்ஞை எப்படிப் போகுதுன்னு பாக்கற நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட்லயும் அங்கதான் தடைன்னு வரும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க விலை உயர்ந்த மெஷின் வேண்டாம், கை போதும். நரம்பைத் தடவிப் பாத்தா தடிப்பா கயிறா உருளும், உடம்புல எங்கயாவது வெளிர்ந்த, உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கும், சுண்டுவிரலும் சேர்ந்து மரத்திருக்கும், உள்ளங்கையில தீக்காயமோ வெட்டோ பட்டது தெரியாம இருந்திருப்பாங்க. தேமல் மேல பஞ்சால தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்க அரை நிமிஷம் ஆகாது, சட்டையைக் கழட்டிப் பாக்காத பரிசோதனையிலதான் இது தவறிப் போகுது. இந்த நோய்ல ரியாக்‌ஷன்னு சொல்ற திடீர் அழற்சி வரும்போது சில நாள்லயே நரம்பு செயல் இழந்துடலாம், அப்போ ப்ரெட்னிசலோன் மாத்திரை வாரக்கணக்குல கொடுக்கணும், நரம்புக்குள்ள சீழ்க்கட்டி வந்தாலோ மாத்திரைக்கு அடங்கலன்னாலோதான் ஆபரேஷன். கிருமியைக் கொல்ல ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்து 1981ல இருந்து உலக சுகாதார அமைப்போட பரிந்துரையில இருக்கு, நோயோட வகையைப் பொறுத்து 6 மாசம் இல்ல 12 மாசம். முழுசா குணமாகற நோய் இது, ஆனா செத்த நரம்பை அந்த மருந்து திரும்பக் கொண்டு வராது. தொழுநோய்ல விரல் போறது சதை அழுகறதால இல்ல, உணர்ச்சி இல்லாம திரும்பத் திரும்ப அடிபடறதாலதான்னு பால் பிராண்ட்ங்கிற சர்ஜன் வேலூர்ல காட்டினாரு, நரம்பைக் காப்பாத்தறது ஏன் இவ்வளவு அவசரம்னு அதுல இருந்தே புரியும்.

பூஞ்சைகள் இன்னும் அபூர்வம். ஹிஸ்டோபிளாஸ்மா, காக்சிடியாய்ட்ஸ் மாதிரி சில நிலப்பகுதி மண்ணுல வாழறதுங்க மூச்சு வழியா உள்ள போய் பிறகு மணிக்கட்டுக்கு வரும், ஸ்போரோத்ரிக்ஸ் ரோஜா முள்ளு, செடி, பாசி, மரத்தூள் குத்தி நேரா கைக்குள்ள போகும், பூனைக் கீறல்லயும் வரும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆனா ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும் வருது. பயாப்சில கிரானுலோமா, டிபி கிருமி தெரியலன்னு வந்தா பூஞ்சைக்கான சிறப்பு சாயம் போட்டீங்களான்னு கேட்டாகணும். பெரும்பாலும் இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்தை மாசக்கணக்குல கொடுப்பாங்க.

புருசெல்லான்னு கால்நடைகள்ல இருக்கற பாக்டீரியாவும் பச்சைப் பால், கால்நடை வேலை வழியா வந்து மணிக்கட்டு உறையில உக்காந்திருக்கு, விட்டு விட்டு காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பு வலின்னு கூடவே அடையாளம் கொடுக்கும். உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயோட பிந்தைய கட்டத்துல கார்பல் டன்னல் வர்றது வட அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் தெரிஞ்ச விஷயம். மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவுல லோவா லோவான்னு ஒரு புழு இருக்கு, ஒரு வகை ஈ கடிச்சு உள்ள போகும், தோலுக்கடியில ஊர்ந்து போகும்போது கையில திடீர்னு வீக்கம் வந்து சில நாள்ல தானா வத்தும், அது மணிக்கட்டுல வந்தா மீடியன் நரம்பை அமுக்கும். அந்தப் பக்கம் வேலைக்குப் போய் வந்தவங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

வைரஸ்கள் பெரும்பாலும் நல்லபடியா முடியற வகை. ரூபெல்லா, பார்வோ வைரஸ் பி19, சிக்குன்குனியா, மூணுமே மூட்டையும் டெண்டன் உறையையும் வீங்க வைக்கும். ரூபெல்லாவும் பார்வோவும் பெரியவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, ரெண்டு மணிக்கட்டும் சேர்ந்து வீங்கி விரல் மரத்து, பெரும்பாலும் வாரக்கணக்குல தானா சரியாயிடும். சிக்குன்குனியா அவ்வளவு சீக்கிரம் விடாது, காய்ச்சல் போன பிறகும் மணிக்கட்டு வீக்கம் மாசக்கணக்குல நிக்கலாம், அந்தக் கட்டத்துல கார்பல் டன்னல் தொந்தரவு வர்றது நல்லா பதிவாகியிருக்கு. காய்ச்சல் வந்து ஒரு மாசம் ரெண்டு மாசத்துல ரெண்டு கையும் மரத்தா அவசரப்பட்டு கத்தி வைக்காம முதல்ல பட்டை, வீக்கம் குறைக்கற மருந்துன்னு பொறுத்துப் பாக்கலாம், சதை வத்த ஆரம்பிச்சா மட்டும் கதை வேற.

சரி, எப்போ சந்தேகப்படணும்? மரத்துப் போற ஒவ்வொருத்தரையும் கிருமிக்காகத் துளாவ முடியாது, அது தேவையும் இல்ல. வழக்கமான கார்பல் டன்னல்ல வெளியில தெரியற அளவுக்கு வீக்கம் இருக்காது, பெரும்பாலும் ரெண்டு கையிலயும் கொஞ்சமாவது இருக்கும். ஒரு கையில மட்டும், கண்ணுக்குத் தெரியற வீக்கத்தோட, விரலை முழுசா மடக்க முடியாம வந்தா அங்க நின்னு யோசிக்கணும். வழக்கமான காரணம் எதுவும் இல்லாத சின்ன வயசு ஆண், ஊசி போட்டு ரெண்டு வாரம் நல்லா இருந்து அப்புறம் முன்னைவிட மோசமானவர், ஆபரேஷனுக்கு அப்புறம் காயம் ஆறாம கசியறவர், சில மாசத்துல திரும்ப வீங்கினவர், இவங்களும்தான். ஒரு பொறியும் இருக்கு, சர்க்கரை, டயாலிசிஸ், முடக்குவாதம் இதெல்லாம் வழக்கமான கார்பல் டன்னலுக்கும் காரணம், கிருமி தொத்தறதுக்கும் வாய்ப்பைக் கூட்டும், அதனால "சர்க்கரை இருக்கு, அதான் மரக்குது"ன்னு அங்கயே நிறுத்திக்கிட்டா உள்ள இருக்கற கிருமி தப்பிச்சிடும்.

நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் நரம்பு எங்க, எவ்வளவு நெரிபடுதுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. ஏன்னு பாக்க அல்ட்ராசவுண்ட் நல்ல ஆரம்பம், வலியில்ல, கதிர்வீச்சு இல்ல, டெண்டன் உறை தடிச்சிருக்கா, தண்ணி நிக்குதா, அரிசி மணி மிதக்குதான்னு அங்கயே தெரியும். எம்ஆர்ஐல எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கலாம். இதுல சைனோவியம் தடிப்புன்னு வந்துட்டா கையில கிடைச்ச ஸ்டீராய்டு ஊசியைப் போடக் கூடாது, அது வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கி கிருமிக்குச் சாதகமா வேலை செய்யும், கண்டுபிடிக்கறதும் தள்ளிப் போகும்.

ஆபரேஷன் தியேட்டர்ல நடக்கறதுதான் இதுல தலைவிதியை மாத்தற இடம். லிகமெண்ட்டை வெட்டி விட்டா மரப்பு குறைஞ்சிடும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, ஆனா உள்ள தடிச்ச, பழுப்பு நிற, ஒட்டிக்கிட்டு இருக்கற சைனோவியத்தைப் பாத்தும் எடுக்காம மூடினா நோய் அப்படியே இருக்கும். எடுத்தாலும் பழக்கத்துல மொத்தத்தையும் ஃபார்மலின் பாட்டில்ல போட்டுடறாங்க, ஃபார்மலின் திசுவைப் பாதுகாக்கும், கூடவே கிருமியையும் கொன்னுடும், கொன்ன கிருமியை எந்த லேபாலயும் வளர்க்க முடியாது. பாதி ஃபார்மலின்ல பயாப்சிக்கு, பாதி சுத்தமான உப்புநீர் டப்பாவுல கல்ச்சருக்கு, கல்ச்சர் ஃபார்ம்ல சாதாரண பாக்டீரியா, டிபி வகை ரெண்டு சூட்டுலயும், பூஞ்சைன்னு மூணும் எழுதணும், முடிஞ்சா டிபி கிருமியோட மரபணுவைத் தேடற ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையும். அதுல டிபி இருந்தா சுமார் ரெண்டு மணி நேரத்துல தெரியும், கல்ச்சர் ஆறு முதல் எட்டு வாரம் வரைக்கும் இழுக்கும், ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ்னா டிபி இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, தண்ணிக் கிருமிகளை அது தேடறதும் இல்ல. சந்தேகம் இருக்கற கைக்கு கேமரா வெச்சு பண்ற சின்ன துளை ஆபரேஷன் வேண்டாம், உறை முழுசும் கண்ணுக்குத் தெரியற மாதிரி திறந்து பண்றதுதான் சரி. வழக்கமான கார்பல் டன்னலுக்கு எல்லாருக்கும் பயாப்சி அனுப்பணும்னு நான் சொல்லல, உள்ள பாக்க வித்தியாசமா இருந்தா அனுப்பியே ஆகணும்னு சொல்றேன். நோயாளியும் ஆபரேஷனுக்கு முன்னாடி "வீக்கம் இருக்கே, எடுக்கறதை கல்ச்சருக்கும் அனுப்புவீங்களா"ன்னு கேக்கலாம், அதுல எந்த அதிகப்பிரசங்கித்தனமும் இல்ல.

டிபின்னு உறுதியானா நாலு மருந்து ரெண்டு மாசம், அப்புறம் குறைச்சு தொடர்ந்து, மொத்தம் 6 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் டாக்டர் முடிவு பண்ணுவார். சில மாசத்துலயே வீக்கம் நல்லா குறையலாம், அப்போ நிறுத்தினா திரும்ப வரலாம், அடுத்த தடவை மருந்துக்கு அடங்காத கிருமியாவும் வரலாம். இதுல நரம்பு சம்பந்தமா ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும், ஐசோனியாசிட் மாத்திரையே சில பேருக்கு நரம்பைப் பாதிக்கும், சர்க்கரை இருக்கறவங்க, குடிக்கறவங்க, கர்ப்பிணிங்க, சத்துக் குறைவா இருக்கறவங்களுக்கு அதிகமா, அதனாலதான் கூடவே பைரிடாக்சின், அதாவது பி6, கொடுக்கறாங்க. அதனால மருந்து சாப்பிடும்போது கை மரப்பு குறைஞ்சு வந்துட்டு இருக்க, புதுசா ரெண்டு பாதமும் எரிய ஆரம்பிச்சா அது பழைய கார்பல் டன்னல் கிடையாது, மாத்திரையைத் தானா நிறுத்தவும் கூடாது, உடனே போய் சொல்லணும். எத்தாம்பியுட்டால் சாப்பிடறவங்க சிவப்பும் பச்சையும் மங்கலா தெரிஞ்சாலும், பார்வை குறைஞ்சாலும் அதே மாதிரி உடனே சொல்லணும்.

நரம்பு திரும்ப வர்றது பொறுமையான வேலை. அழுத்தம் எடுத்தவுடனே ராத்திரி குத்தல் சில நாள்லயே போயிடும், மரப்பு போக மாசங்கள் ஆகும், நரம்பு இழைங்க அறுந்துபோயிருந்தா நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்துலதான் வளரும். வத்திப் போன கட்டைவிரல் சதைமேடு ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்திருந்தா முழுசா திரும்பறது கஷ்டம், அப்போ வேற டெண்டனை மாத்திக் கட்டி கட்டைவிரலை எதிர்ப்பக்கம் கொண்டு வர்ற ஆபரேஷன் இருக்கு, ஆனா கிருமி முழுசா அடங்கின பிறகுதான் அதைப் பண்ணுவாங்க. அதுவரைக்கும் விரல் இறுகாம இருக்க பிசியோதெரபி தினமும் வேணும், உணர்ச்சி திரும்பாத விரலை சூடான பாத்திரம், கத்தி முனை இதுல இருந்து கண்ணால பாத்துப் பாத்துக் காப்பாத்தணும், மருந்து முடிஞ்ச பிறகும் ஒரு வருஷமாவது கையைக் காட்டிட்டு வரணும், ஏன்னா இந்தக் கிருமிங்க திரும்ப வந்தா முதல் தடவை மாதிரியே வலி இல்லாம மெதுவாதான் வரும்.